லைனில் நின்ற நேரத்துக்கு யார் காசு தருவது?

ஆகஸ்ட் விடுமுறை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனோம், நின்றோம், வந்தோம். எல்லாவற்றையும் போட இடமில்லை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஐந்து பேர் வான் பிடித்து இரவோடு இரவாகக் கொழும்புப் பக்கம் ஒரு நீர்ப்பூங்காவுக்குப் போனோம். டிக்கட் எடுத்து உள்ளே போன பிறகுதான் பெரிய சறுக்கு இரண்டும் திருத்த வேலைக்காக மூடியிருப்பது தெரிந்தது. மிச்சம் எதற்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் நின்றோம். காசைத் திருப்பிக் கேட்கலாமா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: கேட்கலாம் அக்கா, கேட்கவும் வேண்டும். ஆனால் இரண்டையும் கலக்காமல் கேளுங்கள். கூட்டம் இருந்தது என்ற காரணத்துக்கு மட்டும் காசு திரும்பி வருவது கஷ்டம். மூடியிருந்த சறுக்கு வேறு கதை. விளம்பரத்தில் அந்தச் சறுக்கின் படத்தைப் போட்டு, கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லாமல் முழுக் காசையும் வாங்கியிருந்தால், அது வாங்குபவரை ஏமாற்றியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், போய் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். டிக்கட்டின் அடிக்கட்டை, விளம்பரத்தின் படம், மூடிய சறுக்கின் முன்னால் எடுத்த போட்டோ ஏதும் இருந்தால் அதுவும் சேர்த்து முதலில் பூங்கா நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பதில் இல்லையென்றால் அதிகாரசபைக்கு. 250 கிலோமீற்றருக்கு மேல் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்த குடும்பத்துக்கு "இன்னொரு நாள் வாருங்கள்" என்பது பதிலே இல்லை. அதைக் கடிதத்தில் எழுதுங்கள், வான் கூலியையும் எழுதுங்கள்.

கேள்வி: பெருநாளுக்கு மறுநாள் போனோம். கால் வைக்க இடமில்லை. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா? (கிண்ணியா)

பதில்: பெருநாளுக்கு மறுநாள் கூட்டம் இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை நாநா.

கேள்வி: முகநூலில் ஒரு பக்கத்தில் பாதி விலைக்குக் குடும்ப டிக்கட் என்று போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் பேசி, ஒருவருடைய வங்கிக் கணக்குக்குக் காசு போட்டேன். டிக்கட்டின் படமும் வந்தது. வாசலில் ஸ்கேன் பண்ணியபோது அது ஏற்கனவே பாவித்த டிக்கட் என்றார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன். (கூலித் தொழிலாளி, மூதூர்)

பதில்: தம்பி, தலை குனிய வேண்டியவன் நீங்கள் இல்லை. மூன்று மாதம் சேர்த்த காசு என்று எழுதியிருக்கிறீர்கள், வாசித்து மனம் கனத்துப் போனது. இன்றைக்கே உங்கள் வங்கிக்குப் போய்க் காசு போன கணக்கு இலக்கத்தைக் கொடுத்து மோசடி என்று எழுத்தில் அறிவியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், படம் பிடித்து அச்சடித்துப் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்கி வையுங்கள். காசு முழுதாகத் திரும்பும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அதே கணக்குக்கு இன்னும் பத்துப் பேர் போட்டிருப்பார்கள், முறைப்பாடு சேரச் சேரத்தான் கணக்கை முடக்குவார்கள். மற்றவர்களுக்கு: பூங்கா ஒரு நிறுவனம், அதன் காசு நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும். தனி ஆளின் பெயரைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். பூங்காவின் அலுவலகத்துக்கு ஒரு போன் எடுத்து "இப்படி ஒரு கழிவு இருக்கிறதா" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

கேள்வி: வருகிற ஜூனில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸில் லைனில் நிற்காமல் போக எக்ஸ்பிரஸ் சீட்டு தனியாக விற்கிறார்களாம். நாலு பேருக்கும் வாங்கலாமா? (திருகோணமலை நகரம்)

பதில்: வாங்கினால் உங்கள் லைன் குறையும், அது உண்மை. ஆனாலும் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு ரைடில் ஒரு தடவைக்கு 20 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 400 பேர். உங்களுக்கு முன்னால் 600 பேர் நின்றால் ஒன்றரை மணித்தியாலம். இப்போது அந்த 400 இருக்கையில் 150ஐ எக்ஸ்பிரஸ்காரருக்கு ஒதுக்கினால் சாதாரண லைனுக்கு 250தான் மிச்சம். அதே 600 பேர் முன்னால் நின்றால் இரண்டு மணி 24 நிமிடம். ரைட் ஒரு ஆளைக்கூடக் கூடுதலாக ஏற்றவில்லை. டிக்கட்டுக்குக் காசு கட்டி வெயிலில் நிற்கும் இன்னொரு குடும்பத்தின் நேரத்தை எடுத்துத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று லைனைக் குறைக்கும் சீட்டைக் கொண்டு வந்தபோது அது டிக்கட் எடுத்த எல்லாருக்கும் இலவசம். 2021இல் அமெரிக்காவில் அதைக் கைவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். லைன் நீண்டால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் நாள் போடாத டிக்கட்டில். ஹொங்கொங் டிஸ்னிலாந்து 2005இல் திறந்தது. அடுத்த பெப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில், கையில் செல்லுபடியான டிக்கட்டோடு வந்தவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் எந்த நாளும் வரலாம் என்று விற்ற டிக்கட், எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். வேலிக்கு மேலால் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள் பெற்றோர். ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்று பூங்காவுக்குத் தெரியும், அதற்கு மேல் விற்கிறதுதான் பிழை.

நானும் அப்படி ஒரு டிக்கட்டை வாங்கியவன். ஒரு கண்காட்சியில் கழிவு விலைக்கு நாலு டிக்கட், நாள் இல்லை. டிசம்பர் லீவில் போனோம். மகள் எழுபது நிமிடம் நின்று, படியேறி உச்சிக்குப் போன பிறகு, உயரம் இரண்டு சென்ரிமீற்றர் குறைவு என்று திருப்பிவிட்டார்கள். அளவுகோலைக் கீழே வைக்காமல் மேலே வைத்திருந்தார்கள். அவ்வளவு சனத்துக்கும் எதிர்ப்பக்கமாக அவள் அழுதுகொண்டு இறங்கி வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் வேண்டாம். அங்கே பள்ளி விடுமுறையே ஜூனில்தான், பிறகு நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரை. நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் ஆகஸ்டில் அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். ஆகஸ்ட் 9 அவர்களின் தேசிய நாள், அதையும் அதை ஒட்டிய நாட்களையும் விட்டு ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். கதவு திறக்கும் முன்னரே வாசலில் நில்லுங்கள், பெரிய ரைடுகளை முதல் இரண்டு மணித்தியாலத்தில் முடியுங்கள். தனி ஆள் லைன் சில ரைடுகளுக்கு இருக்கிறது, பிரிந்து இருக்கச் சம்மதமென்றால் பெரியவர்கள் அதில் போகலாம். புறப்படும் முன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து பூங்காவின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பயணத்தை மாற்றவே முடியாது, ஜூன்தான் என்றால், அப்போது எக்ஸ்பிரஸ் வாங்குங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: உள்ளே 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் 150 ரூபாய். வெளியிலிருந்து கொண்டு போகவும் விடவில்லை. (தம்பலகாமம்)

பதில்: 2025 ஏப்ரலில் வந்த வர்த்தமானிப்படி அரை லீற்றர் போத்தலுக்கு உச்ச விலை 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: கடை வாசலில் பெயர் எழுதிப் போட்டோம், பரிசு விழுந்தது என்று ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மணித்தியாலம் பேசி விடுமுறைக் கழக அங்கத்துவம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்கி, அட்டையில் 85,000 ரூபாய் எடுத்துவிட்டார்கள். லீவு நாட்களில் எந்த அறையும் இல்லை என்கிறார்கள். ஒப்பந்தத்தை வாசிக்க நேரம் தரவில்லை. (அன்புவழிபுரம்)

பதில்: நேரம் தராவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழும்பி வர வேண்டியதுதானே ஐயா. படித்த மனிதர், அரச உத்தியோகம், 85,000 ரூபாய்க்குரிய தாளை வாசிக்காமல் ஒப்பமிட்டு வந்து, போன வருடம் இதே பத்தியில் இதே மாதிரிக் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலை வாசித்ததாகவும் எழுதுகிறீர்கள். இப்போதாவது ஒப்பந்தத்தை முழுக்க வாசியுங்கள், ரத்துச் செய்வது பற்றி ஒரு பந்தி இருக்கும், இல்லாவிட்டாலும் ரத்துச் செய்கிறேன் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அட்டை தந்த வங்கிக்கும் எழுதுங்கள். லீவு நாளில் அறை உண்டு என்று வாயால் சொன்னார்கள் என்றால் கூட இருந்த உங்கள் மனைவியும் அதை எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரரைப் புறாத்தீவுக்குக் கூட்டிப் போனேன். படகுக்குக் கட்டிய காசுக்குள் எல்லாம் அடக்கம் என்று நினைத்தேன், டிக்கட் வேறு என்றார்கள். போய் ஒரு மணித்தியாலத்தில் திரும்பச் சொல்லிவிட்டார்கள். (நிலாவெளி)

பதில்: அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, படகுக் கூலி படகுக்காரருக்கு. டிக்கட் வேறு என்பதில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. திரும்பும் நேரத்தை ஏறும் முன் பேசாததுதான் பிழை. எத்தனை மணிக்குத் திரும்ப வருவீர்கள், உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது, இந்த இரண்டையும் கரையில் வைத்தே கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். ஞாயிறும் போயாவும் வேண்டாம், கிழமை நாளில் முதல் படகில் போங்கள், அந்த நேரத்தில் தண்ணீர் கலங்காமல் மீன் தெரியும். அப்புறம், உங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் முருகைக்கல்லின் மேல் நின்று எடுத்த போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த முறை மணலில் நிற்கச் சொல்லுங்கள், முருகைக்கல் உயிருள்ளது.