ஐந்து நட்சத்திர விடுதி மேலாளரின் வேலை எல்லா நாட்டிலும் ஒன்றுதானா?

இப்படிக் கேட்கும் நீங்கள் கேட்டரிங் படித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விதிப்புத்தகம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை ஒன்றல்ல.

சென்னையில் ஆறு ஆண்டுகள் டியூட்டி மேனேஜராக இருந்துவிட்டு டோக்கியோவுக்குப் போனேன். இரண்டாம் மாதம், பக்கத்து அறைச் சத்தத்தில் தூக்கமில்லை என்று ஒரு விருந்தினர் நள்ளிரவில் இறங்கி வந்தார். சென்னையில் செய்வதுபோலவே மன்னிப்புக் கேட்டு, காலியாக இருந்த ஒரு பெரிய சொகுசு அறையின் (சூட்) சாவியைக் கொடுத்தேன். அவருக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. காலையில் என் மேலதிகாரி குரலை உயர்த்தவில்லை. "யாரிடம் கலந்து பேசினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஆண்டுதோறும் வரும் முதிய தம்பதி அன்று காலை வரவிருந்தார்கள். தலையணையின் உயரம், பூச்சாடி இருக்க வேண்டிய இடம் என்று ஹவுஸ்கீப்பிங் பெண்கள் முந்தைய நாளே பார்த்துப் பார்த்து ஒழுங்குசெய்த அறை அது. அந்தப் பெண்களிடம் எனக்காக என் மேலதிகாரியே தலை தாழ்த்தினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கே இதற்கு 'ஹோரென்சோ' என்று பெயர்: மேலே தெரிவி, உடனிருப்பவருக்குச் சொல், கலந்து பேசு. ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளரின் அளவுகோலில், நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கில், அதாவது என்ன நடக்கும் என்று தெரியாத நிலையை எவ்வளவு விரும்பாமல் ஒதுக்குகிறார்கள் என்பதில், ஜப்பானுக்கு 92, இந்தியாவுக்கு 40. அந்த இடைவெளியில்தான் நான் விழுந்தேன். அந்த எண்கள் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து எடுத்தவை, பழையவை என்று சிலர் சொல்வார்கள். தெரியும். ஜப்பானியர் எல்லோரும் ஒரே வார்ப்பு என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த விடுதியின் பொது மேலாளர், காலை உணவு நேரத்தில் கூட்டம் அதிகமானால் சாப்பிட்ட தட்டுகளைத் தானே எடுத்துப் போவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சென்னையில் நான் ஒரு காப்பிக் கோப்பையை எடுத்தாலே, "சார், நீங்களா?" என்று இரண்டு பேர் பதறி ஓடிவருவார்கள். எச்சில் என்ற சொல் நம் விடுதிகளில் எத்தனை பேரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது!

என் தங்கைக்கு வரன் பேச வந்த பெரியவர் ஒருவர், "உங்கள் பையன் ஹோட்டலில் எச்சில் தட்டு எடுக்கிறானா?" என்று கேட்டார். அப்பா அவசரமாக, "இல்லை இல்லை, அவன் மேனேஜர், எதையும் தொட மாட்டான்" என்றார். பெரியவரின் கேள்வியை மறந்துவிட்டேன். அப்பாவின் பதில்தான் இன்னும் வலிக்கிறது.