தீபாவளிக்குக் குவிகிறது, மார்ச்சில் காய்கிறது: ஓவியர் தனக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 31 வயது. பினாங்கு பட்டர்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை டிசைனர் வேலையை விட்டு முழுநேர ஓவியராகி மூன்று வருடம் ஆகிறது. மால்களில் தீபாவளிக் கோலம், திருமணப் பத்திரிகை, கடைச் சுவர் ஓவியம், ஹின் பஸ் டிப்போ கலை வளாகத்தின் ஞாயிறு சந்தையில் பிரிண்ட் விற்பனை, சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகளுக்குத் மாதம் தலா 70 வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) ஓவிய வகுப்பு என்று ஓடுகிறது. கோயில் விழா மலர், பள்ளி நிகழ்ச்சி என்று இலவசமாகவும் நிறைய வரைகிறேன். போன வருடம் மொத்தம் 46,800 வெள்ளி வந்தது. அதில் 24,000 செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள். தொழில் செலவு 8,400. வீட்டுக்கும் எனக்கும் மாதம் 2,100 போதும். ஆனாலும் மார்ச் வந்தால் கையில் காசில்லை. ஜோர்ஜ்டவுனில் 900 வெள்ளி வாடகைக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன். அதற்கும், ஐபேட், பிரிண்டர், கோலச் சாமான் வாங்கவும் சேர்த்து 20,000 வெள்ளி தனிநபர் கடன் எடுக்கலாமா? 8 விழுக்காடு, ஐந்து வருடம், மாதம் 467 என்றார்கள். இன்னொன்று: ஒரு பலகாரக் கடைக்கு 600 வெள்ளிக்கு டின் ஓவியம் போட்டுக் கொடுத்தேன். மறுவருடம் அதையே பைகளிலும் அச்சடித்துவிட்டார்கள். கேட்கலாமா? அம்மா பழைய வேலைக்கே போ என்கிறார்.
— ஓவியர், பட்டர்வொர்த்

பதில்: கடனை எடுக்காதீர்கள் சகோதரி. உங்கள் கணக்கைப் பார்த்தால் வருமானம் போதவில்லை என்று தெரியவில்லை. செலவு போக 38,400 ரிங்கிட் நிற்கிறது, அதாவது மாதம் 3,200. உங்கள் தேவை 2,100 தான். பணம் வரும் மாதமும் செலவாகும் மாதமும் ஒட்டவில்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யாமல் கடன் வாங்கினால், காய்ந்து கிடக்கும் மார்ச்சில் தவணையும் வந்து நிற்கும்.

அந்த 8 விழுக்காட்டையும் விளக்கிவிடுகிறேன். மாதம் 467 வீதம் 60 மாதம் கட்டினால் மொத்தம் 28,000. முதல் நாள் வாங்கிய 20,000-க்கே கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள், நீங்களோ அசலை மாதாமாதம் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். குறைந்துவரும் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 14 விழுக்காடு. அறை வாடகையையும் சேர்த்தால், வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 1,367 ரிங்கிட் எடுத்து வைத்தாக வேண்டும்.

அந்தக் கடனுக்குள் மூன்று வேறு தேவைகள் இருக்கின்றன. கோலச் சாமானிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் மார்ச் வறட்சியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மால் கோலம் ஒன்றுக்கு என்னென்ன ஆகிறது? அரிசி மூட்டை, சாயம், காயவைக்கக் கித்தான், உதவிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கூலி. இரவு பத்து மணிக்குக் கடைகள் மூடிய பிறகே தரையில் உட்கார விடுவார்கள், ஆகவே எல்லோருக்கும் சாப்பாடு. நள்ளிரவு தாண்டினால் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரி கிடையாது, பாலம் சுற்றிக் கிராப் வாடகைக் காரில்தான் வீடு திரும்ப வேண்டும். இத்தனையும் உங்கள் கைக்காசு. தீபாவளி முடிந்து கோலத்தைக் கூட்டிப் பெருக்கிய பிறகும் மால் நிர்வாகத்தின் கணக்குப் பிரிவில் உங்கள் இன்வாய்ஸ் கிடக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் வரும். அதுவரை அந்தப் பெரிய மாலுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருப்பது நீங்கள். இப்போது அந்தக் கடனைக் கொடுப்பதற்காக வங்கியில் 14 விழுக்காட்டுக்கு வாங்கப் பார்க்கிறீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் கொட்டேஷன் அனுப்பும்போதே எழுதிவிடுங்கள்: உறுதி செய்யும்போது பாதி, மீதி கோலம் முடிந்த 30 நாளுக்குள். பாதி தர மறுத்தால் சாமான் செலவையாவது முன்கூட்டி வாங்குங்கள். அதுவும் முடியாது என்பவரின் வேலையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கையில் வேறு வேலை இல்லாத நேரத்தில் இது கசக்கும், தெரியும். திருமணப் பத்திரிகைக்கு இன்னும் எளிது: முழுப் பணமும் வந்த பிறகே இறுதி ஃபைல்.

இப்போது சம்பளம். வங்கியில் இரண்டு கணக்கு வையுங்கள். வரும் பணமெல்லாம், சந்தையில் கைப்பேசி வழி டூயிட்நவ் கியூஆரில் விழும் 15 ரிங்கிட் உட்பட, தொழில் கணக்குக்கே போகட்டும். தொழில் செலவும் அங்கிருந்தே. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி 2,400 ரிங்கிட்டை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். அக்டோபரில் பத்தாயிரம் வந்தாலும் 2,400 தான், பிப்ரவரியில் ஒன்றுமே வராவிட்டாலும் 2,400 தான். தீபாவளிப் பணத்தைப் பார்த்ததும் கை நீளும். வீட்டில் தேவைகள் காத்துக்கொண்டிருக்கும். முதல் வருடம் இதில் உறுதியாக நிற்பதுதான் கடினம்.

ஆண்டுச் சம்பளம் 28,800 போனால் தொழில் கணக்கில் 9,600 மிஞ்சும். அதில் 2,500-ஐ ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் போடுங்கள். சுயதொழில் செய்வோருக்கான திட்டம் இது. 2025 முதல் நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. வாழ்நாள் வரம்பு 5,000. 2,500 போட்டால் முழு 500-உம் கிடைக்கும். அதற்கு மேல் லாபப் பங்கு வேறு, 2024-க்கு அது 6.30 விழுக்காடு. ஆனால் இதை அவசரப் பணமாக நினைக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து போடும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும் 15 விழுக்காடு வீடு, கல்வி போன்ற தேவைகளுக்கான செஜாத்ரா கணக்குக்கும் போகிறது. நினைத்த நேரத்தில் எடுக்க முடிவது ஃபிளெக்சிபல் கணக்கிலுள்ள 10 விழுக்காடுதான்.

சுவர் ஓவியத்துக்குச் சாரம் ஏறுகிறீர்கள். விழுந்து கை முறிந்தால் உங்களுக்கு மருத்துவ விடுப்புச் சம்பளம் தர யாருமில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் கலைத் துறையும் உண்டு. ஆண்டுக்கு 232.80 ரிங்கிட் திட்டத்தில் சேருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம், அடுத்த சுவருக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

மீதி ஏறக்குறைய 6,860. நான்கு மாதச் சம்பளமான 9,600 சேரும்வரை அதைத் தொடாதீர்கள். தொழில் கணக்கிலேயே கிடக்கட்டும், அல்லது கோட்டா கிடைத்தால் அமானா சஹாம் மலேசியா என்ற முதலீட்டு நிதியின் யூனிட்டில் போடுங்கள், யூனிட் விலை ஒரு ரிங்கிட்டிலேயே நிற்கும். அக்கம்பக்கத்தில் கூட்டு (சீட்டு) பிடிக்கிறார்கள் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவும் தயங்குவீர்கள்.

ஐபேட்டை அடுத்த தீபாவளிப் பணம் வந்த பிறகு ரொக்கமாக வாங்கலாம். பிரிண்டர் வேண்டாம், உங்கள் அளவுக்கு வெளியில் அச்சடிப்பதே லாபம். அறையைப் பற்றிச் சொன்னால், அரிசி காயவைக்கவும் ஆட்களை உட்கார வைக்கவும் இடம் தேவைப்படுவது மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் யாருடைய அறையையாவது பகிர்ந்துகொள்ளப் பாருங்கள்.

பலகார டின் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுச் செய்துகொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்குப் போய்விடுகிறது. நம் ஓவியர்களில் பலருக்கு இது தெரியாது. தங்கள் கையெழுத்து படத்தில் இருப்பதாலேயே உரிமை தங்களிடம் இருப்பதாக நம்புகிறார்கள். இனி ஒவ்வொரு கொட்டேஷனிலும் இதைச் சேர்த்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்: ‘இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இன்ன ஆண்டு தீபாவளி டின்னுக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி. வேறு பொருளுக்கோ மறு ஆண்டுக்கோ தனிக் கட்டணம்.’ அந்தக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், இந்த வருட டின், பை, பெட்டி மூன்றுக்கும் சேர்த்துப் புதிய விலையோடு போங்கள். அவருக்கு உங்கள் கை பிடித்திருக்கிறது, அதனால்தான் பையிலும் போட்டார்.

இலவச வேலையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கோயிலுக்கு வரைவது உங்கள் மனதுக்கு வேண்டியது. வருடத்துக்கு இரண்டு என்று முடிவு செய்து, எந்த இரண்டு என்பதையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். மூன்றாவதாக வருபவரிடம், “இந்த வருடத்துக்கானதை முடித்துவிட்டேன் அண்ணே, இதற்கு விலை இவ்வளவு” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் தொழில் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள், சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. வருமான வரிக்குத் தொழில் செய்வோருக்கான பி பாரம், காலக்கெடு ஜூன் 30. உங்களுடைய 38,400-இல் தனிநபர் கழிவு 9,000, சேமநிதி 2,500 போனால் 26,900. அதற்கு வரி 357. 35,000-க்குள் இருப்பதால் 400 ரிங்கிட் தள்ளுபடியில் அதுவும் இல்லாமல் போகும். வரி இல்லை என்று பாரம் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். நாளை வீட்டுக் கடனுக்குப் போனால் சுயதொழில் செய்பவரிடம் வங்கி முதலில் கேட்பது அந்தப் பாரத்தைத்தான். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

கலைத் துறைக்கு உதவும் சென்டானா போன்ற அமைப்புகளின் மானியத்துக்கு விண்ணப்பியுங்கள், கண்காட்சிக்கோ புதிய படைப்பு வரிசைக்கோ. சம்பளக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, மூன்று வருடமாக உங்கள் மார்ச் மாதங்களைப் பார்த்தவர் அவர். ஆனால் வேலைக்குத் திரும்பும் முன் சனிக்கிழமை வகுப்பைப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகளில் மாதம் 560 வருகிறது. பன்னிரண்டு பிள்ளைகள், தலா 80 என்றால் 960. தீபாவளியை நம்பாமல் மாதம் 400 ரிங்கிட் கூடும். இத்தனையும் செய்து, இரண்டு தீபாவளி கடந்தும் அந்த 9,600 சேரவில்லை என்றால், ஜனவரி முதல் ஜூன் வரை வாரம் மூன்று நாள் பகுதிநேர டிசைன் வேலை தேடுங்கள். கோல மாதங்களை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.