அம்மாவின் முழங்கால் வலிக்கு எந்த மாத்திரை?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் தேய்மானம். பிரஷருக்கு டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். மெடிக்கலில் அசெக்ளோபினாக்-பாராசிட்டமால் வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிறார். எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை வயிற்றைக் கெடுக்காதாமே, அதற்கு மாற்றலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: மாற்ற வேண்டாம். இப்போது போடும் வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வலியைக் குறைப்பதில் இந்த மாத்திரைகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த உறுப்பைப் பதம் பார்க்கும் என்பதில்தான் வித்தியாசம். எட்டோரிகாக்சிப்பால் வயிற்றுப் புண் வரும் வாய்ப்பு குறைவு, உண்மைதான். ஆனால் அது பிரஷரை ஏற்றும். பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கும் இதய அடைப்பு உள்ளவர்களுக்கும் அது கூடவே கூடாது. அதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பு ஆபத்தால் 2004-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையும் இதயத்துக்கு நல்லதல்ல. இன்னொரு வலி மாத்திரையான நாப்ராக்சன் அந்த வகையில் தேவலை, ஆனால் வயிற்றுக்குக் காவலாக கேஸ் மாத்திரையும் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அம்மாவின் சிறுநீரகம்தான். டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் திடீரென்று விழலாம். வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலோ, ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலோ ஆபத்து இன்னும் கூடும். எட்டோரிகாக்சிப்புக்கு மாறினாலும் இது அப்படியேதான் இருக்கும். கேஸ் மாத்திரையும் சிறுநீரகத்தைக் காக்காது. அதற்காக பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதில்லை, உள்ளூர் லேபிலேயே எடுக்கலாம். முடிவு சரியாக இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு டைக்ளோபினாக் ஜெல்லை முழங்காலைச் சுற்றி தினம் மூன்று நான்கு முறை தடவலாம். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே நாளில் பலன் தெரியாது, இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். தடவிய இடத்தில் சுடு ஒத்தடம் வேண்டாம்.

அப்புறம், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். தொடைத் தசை வலுப்பட்டால் முழங்கால் மேல் விழும் பாரம் குறையும்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.