ஒரு நாட்டின் பொருளாதார வரலாறு அதன் இன்றைய பொருளாதாரத்தை எப்படித் தீர்மானிக்கிறது?

நாடு முழுவதையும் பேச எனக்குத் தகுதியில்லை. நான் பிறந்து வளர்ந்த காவிரி டெல்டாவை வைத்துச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். வீட்டில் இன்றும் குத்தகைச் சாகுபடிதான்.

1799இல் தஞ்சாவூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறையில் அரசு உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் என்றார்கள். தஞ்சையில் பட்டா ஏறியதோ பெரும்பாலும் மிராசுதார் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர் பெயரில். கோயில், மடங்களுக்கும் ஏராளமான நிலம். சேற்றில் இறங்கியவர்கள் பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும். 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மேலணையும் கீழணையும் கட்டினார். 1934இல் மேட்டூர் அணை வந்தது. தண்ணீர் வந்தது, நெல் பெருகியது, நாகப்பட்டினத்திலிருந்து அரிசியும் கூலியாட்களும் கப்பலேறினார்கள்.

வருஷம் தவறாமல் குத்தகை நெல் வீடு வந்து சேரும்போது ஆலை வைக்கும் அவசரம் யாருக்கு வரும்? மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் வக்கீல்களாகவும் அதிகாரிகளாகவும் சென்னைக்குப் போனார்கள். காவிரிப் பாசனம் எட்டாத கொங்கு மேட்டில் கிணறு வெட்டிப் பருத்தி விளைவித்தவர்கள், 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பஞ்சாலைப் பக்கம் திரும்பினார்கள். இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்கு பஸ் ஏறுவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம் என்பதே என் கணிப்பு.

உழைத்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை ஒதுக்கிவிட்டு டெல்டாவின் பொருளாதாரத்தைப் பேச என்னால் முடியாது.

1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் செய்தது. தேவையான சட்டம். ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்த நில உரிமையாளர்கள் பலர் குத்தகையை எழுதிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். குத்தகையைப் பதிவு செய்ய 1969இல் தனிச் சட்டம் வந்த பிறகும் வாய்மொழிக் குத்தகை ஒழியவில்லை.

சம்பா அறுவடையின்போது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தார்ப்பாய் மூடிய குவியலுக்குப் பக்கத்தில் நிற்பவர் நாற்று விட்டவர், களை பறிக்க ஆள் கூட்டி வந்தவர், உரத்துக்கு வட்டிக்கு வாங்கியவர். கையில் இருக்கும் நில உரிமை ஆவணமான சிட்டாவில் ஊரில் இல்லாத ஒருவரின் பெயர். யார் என்ன பயிரிட்டார் என்ற கணக்கான அடங்கல் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், "பட்டாதாரரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்கிறார். கூட்டுறவுப் பயிர்க்கடனிலும் இதே சிக்கல். வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணம் பல இடங்களில் பட்டாதாரர் கணக்குக்கே போகிறது. கடன் கிடைக்காதவர் வட்டிக்கடைக்குப் போகிறார். விளைச்சலில் பெரும்பங்கு வட்டிக்கே சரியாகிவிடுகிறது. பழைய பட்டா முறை இன்றைய வங்கிக்குள்ளும் கொள்முதலுக்குள்ளும் நுழைவது இப்படித்தான்.

டெல்டாவை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோது மனதார மகிழ்ந்தேன். மண்ணுக்குக் கிடைத்த காவல் உழுகிறவருக்கும் வேண்டும். ஆந்திரம் 2019இல் இயற்றிய சட்டம், நில உரிமையைத் தொடாமல், சாகுபடி செய்பவருக்கு 11 மாதச் சான்று அட்டை தருகிறது. கடனுக்கும் காப்பீட்டுக்கும் அது செல்லும். அதற்கும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்பதுதான் அதன் பலவீனம். இங்கே அப்படியொரு சட்டம் வந்தால், நிலத்தில் நேரில் பார்த்து கிராம நிர்வாக அலுவலரே சான்று கொடுக்கும்படி எழுத வேண்டும்.