பிளையரில் உங்கள் பெயர்: முதல் துரு அங்கேதான்

கேள்வி: தூண்டில் மீன்பிடிக்கான பிளையர் 500, எங்கள் பிராண்டு பெயரோடு செய்து வாங்க இருக்கிறோம். லோகோவை அனுப்பினால் போதும் என்கிறார் உற்பத்தியாளர். முன்பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: லோகோ அவசரமில்லை, முதலில் உலோகத்தைப் பேசுங்கள். விலைப்பட்டியலில் வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றிருந்தால் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். கிரேடு எண்ணை எழுத்தில் வாங்குங்கள். 420 கிரேடு, பதமேற்றினால் (சூடாக்கிக் குளிர்வித்தால்) கெட்டியாகும். ஆனால் உப்புநீரில் 304 அளவுக்குத் தாங்காது. 304 துருவைத் தாங்கும், பதமேறாது. அதன் வெட்டும் விளிம்பு சீக்கிரம் மழுங்கிவிடும். மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு வெட்டியைத் தனியாகப் பொருத்துவது இதனால்தான். அது கழற்றி மாற்றக்கூடியதா, உதிரி தருவார்களா என்றும் கேளுங்கள். அலுமினிய உடலில் ஸ்டீல் திருகு இருந்தால், உப்புநீர் பட்டதும் அரிக்கப்படுவது அலுமினியம்தான். திருகைக் கழற்றித் துளையைப் பாருங்கள்.

இனி லோகோ. அனோடைஸ் செய்த (மின்முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியத்தில் லேசர் எழுத்து பளிச்சென்று நிற்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் கறுப்பாக எழுதும் லேசரின் சூடோ, துருவைத் தடுக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைக் கெடுத்துவிடக்கூடும். எழுதிய பிறகு பாசிவேஷன் (அந்தப் படலத்தை அமிலத்தால் மீட்டெடுப்பது) செய்யாவிட்டால் துரு உங்கள் பெயரிலேயே பூக்கும். இதைவிட மோசமான விளம்பரம் இல்லை. மை அச்சு மலிவு, ஆனால் கைபடும் இடத்தில் தேய்ந்துபோகும். லோகோ கோப்பை வெக்டர் வடிவில் (பெரிதாக்கினாலும் கோடு சிதையாத வரைபடமாக) கொடுங்கள். போட்டோவிலிருந்து வரைந்தால் எழுத்து கோணும்.

லோகோ இல்லாத மாதிரியைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். பெயர் பொறித்த மாதிரி இரண்டு கேளுங்கள்: ஒன்று உங்களிடம், மற்றொன்று கையெழுத்திட்டு முத்திரை வைத்து ஆலையில். உங்கள் மாதிரியை உப்புநீரில் நனைத்துக் கழுவாமல் காயவிடுங்கள். சில நாள் இதையே திரும்பச் செய்தால் எழுத்தோரமும் திருகோரமும் உண்மையைச் சொல்லும். வெட்டிப் பார்க்கப் பின்னல் தூண்டில் நூலையே எடுங்கள். நைலான் நரம்பை எந்த வெட்டியும் வெட்டும்.

பணத்தில் 30 சதவீதம் முன்பணம், ஆய்வுக்குப் பிறகு 70 என்பது வழக்கமான ஏற்பாடு. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 தரமுறையில், பொது ஆய்வுநிலை 2-ன்படி, 500-க்கு 50 எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்றால் அந்த 50-ல் பழுது 3 வரை ஏற்பு, 4 வந்தால் மொத்தமும் நிராகரிப்பு. எது பழுது என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: வாய் மூடினால் வெளிச்சம் தெரிவது, ஸ்பிரிங் திரும்பாதது, லோகோ சாய்ந்திருப்பது. எழுதாத பழுதுக்கு ஆலை பொறுப்பேற்காது.