பெரியப்பா வீட்டில் தங்கினால் செலவில்லை, ஆனால் கட்டணம் 8,000 பவுண்டு

கேள்வி: என் மகள் தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஜனவரியில் தொடங்கும் ஆறாம் பருவத்தை வெளிநாட்டில் படிக்க விரும்புகிறாள். அவளுடைய கல்லூரியோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உள்ள இடங்கள் சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் இருக்கின்றன. லண்டனில் இருக்கும் என் கணவரின் அண்ணனோ, "எங்கள் வீட்டில் தங்கட்டும், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு பைசா வேண்டாம்" என்று அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தைச் சொல்கிறார். அங்கே ஒப்பந்தம் இல்லாததால் பருவக் கட்டணம் 8,000 பவுண்டு. மறுத்தால் அவர் மனம் வருந்தும். எங்கள் வைப்புத்தொகை 4 லட்சம், மாதம் 18,000 மிஞ்சுகிறது. 2022-இல் நாத்தனார் மகள் திருமணத்துக்காக 14 பவுனை அடகு வைத்து 4 லட்சம் வாங்கியது இப்போது 5.6 லட்சமாக நிற்கிறது. மீதி நகையையும் வைத்து 12 லட்சம் புரட்டலாம் என்று நினைக்கிறோம். எந்த நாடு சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது நாட்டின் பெயர் அல்ல, 4 லட்சம் 5.6 லட்சமாக ஆனதுதான். 12 சதவீத வட்டியை ஆண்டுதோறும் கட்டாமல் அசலோடு சேர்த்து மாற்றி வைத்தால், முதல் ஆண்டு முடிவில் 4.48, அடுத்து 5.02, அதற்கடுத்து 5.62 என்று கடன் வளரும். இந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஒரு ரூபாய்கூட அடைக்கவில்லை என்பதே இதன் பொருள். தங்கம் விலை 2022-இல் இருந்ததைப் போல இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதால், அதே நகைக்குக் கூடுதல் தொகை தர அடகுக்காரர் தயங்கியிருக்க மாட்டார், உங்களுக்கும் வலி தெரிந்திருக்காது. நகை விலையின் உயர்வு உங்களைச் சேர வேண்டியது. அதை வட்டி தின்றுகொண்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நகைக்கடன் விதிகள், சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே இத்தகைய கடனைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணமே இந்தப் பழக்கம்தான். இதே போக்கில் 12 லட்சத்தை வாங்கி மூன்று ஆண்டுகள் மாற்றி வைத்தால் அது ஏறத்தாழ 16.9 லட்சமாகும், பழைய கடனும் 7.9 லட்சத்தை எட்டும். மகள் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு தாண்டும்போது குடும்பத்தின் மீது ஏறத்தாழ 25 லட்சம் நகைக்கடன் நிற்கும்.

இனி லண்டனுக்கு வருவோம். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கட்டணம் மட்டும் 9.6 லட்சம். விமானம், விசா, போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் சேர்த்தால் 12 லட்சம் ஆகிவிடும். உங்கள் மைத்துனர் தரும் அறையின் மதிப்பை வெளியில் மாதம் 850 பவுண்டு என்று தாராளமாகவே போட்டாலும், ஐந்து மாதத்துக்கு 5.1 லட்சம்தான். அந்த 5.1 லட்சத்தை மிச்சப்படுத்த, ஒப்பந்தப் பல்கலைக்கழகங்களில் கட்டவே தேவையில்லாத 9.6 லட்சத்தைக் கட்டப் போகிறீர்கள். பரிமாற்றத் திட்டத்தில் செல்லும் மாணவி உள்ளூர்க் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும், அயல் பல்கலைக்கழகம் பாடக் கட்டணம் வாங்காது. லண்டன் வழியிலோ இங்குள்ள கட்டணமும் தொடரக்கூடும், அதைக் கல்லூரியில் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பகுதிநேர வேலை பார்த்து ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்காக வருகையாளர் விசாவில் பிரிட்டன் செல்பவர் அங்கே வேலை செய்யவே கூடாது.

ஜெர்மனி இதைவிட நியாயமான தேர்வு, ஆனாலும் உங்கள் மகளுக்குப் பொருந்தவில்லை. அங்கே விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் முடக்கக் கணக்கில் முன்னதாகவே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, யூரோ 105 ரூபாய் என்றால் 6.25 லட்சம். அது மாதாமாதம் மகள் கைக்கே திரும்பி வரும் பணம் என்றாலும் புறப்படும் முன்பே முழுத் தொகையும் தேவை, அது உங்களிடம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டி. ஜெர்மனியின் கோடைப் பருவத்தில் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடியும், தேர்வுகள் அதன் பிறகும் நீளலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவருக்கான வளாக நேர்காணல்கள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன. ஒரு பருவம் வெளிநாட்டில் படித்த பெருமைக்காக முதல் வேலைக்கான வாய்ப்பைத் தவறவிடுவது, எந்தக் கடன் வட்டியையும்விட அதிக விலை கொடுப்பதாகும்.

சிங்கப்பூரின் இரண்டாம் பருவம் ஜனவரியில் தொடங்கி மே மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடும், உங்கள் மகளின் ஆறாம் பருவத்தோடு அது ஒத்துப்போகிறது. வளாக விடுதி, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,300 சிங்கப்பூர் டாலர் என்று வைத்தால் நாலரை மாதத்துக்கு 5,850 டாலர். டாலர் 70 ரூபாய் என்றால் 4.1 லட்சம். விமானம், மாணவர் அனுமதி, காப்பீட்டுக்கு 60,000 சேர்த்தால் 4.7 லட்சம். வளாக விடுதியில் இடம் உறுதியான பிறகே இந்தக் கணக்கு செல்லும், ஏனென்றால் வெளியே அறை எடுத்தால் வாடகை இதைச் சிதைத்துவிடும். உங்கள் 4 லட்சத்தோடு ஐந்து மாத மிச்சம் 90,000 சேர்ந்தால் இந்தத் தொகை வந்துவிடுகிறது, எந்த நகையும் பெட்டியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

பழைய கடனை மாற்றி வைக்காமல் முடிக்க வேண்டும், அதற்கு நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அடகில் உள்ள 14 பவுனில் எட்டை விற்றுவிடுங்கள். பவுன் ஒரு லட்சம் என்று வைத்து, கடைக்காரர் கழிவையும், இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நகைக்கு லாபத்தின் மீது வரும் 12.5 சதவீத வரியையும் விட்டுப் பார்த்தாலும் 5.6 லட்சம் அடைந்து, ஒரு லட்சம் அவசரத் தேவைக்குக் கையில் நிற்கும். ஆறு பவுன் கடனின்றி வீட்டுக்கு வரும். முதலில் வைப்புத்தொகையால் கடனின் பெரும்பகுதியைக் கட்டி விற்க வேண்டிய நகையை மட்டும் மீட்டு, விற்ற பணத்தில் மீதிக் கடனை முடித்து, வைப்புத்தொகையை மறுபடி நிரப்புங்கள். மகள் கல்யாணத்துக்கென்று வைத்த நகை என்று தயங்குவீர்கள். அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் நகை அவள் கழுத்துக்கு வரப் போவதில்லை.

வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்கள் இப்போது பிணை கேட்காத கல்விக்கடனை ஒற்றைத் தவணைக் காப்பீட்டோடு சேர்த்து விற்கின்றன. அந்தப் பிரீமியமும் கடன் தொகையிலேயே ஏறி அதற்கும் வட்டி ஓடும். ஒரு பருவப் படிப்புக்கு அது எந்த வகையிலும் வேண்டாம். கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரிச்சலுகை உண்டு என்று சொல்லி இழுப்பார்கள், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

மைத்துனரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். 9.6 லட்சம் என்ற எண்ணையும் 5.1 லட்சம் என்ற எண்ணையும் ஒரே தாளில் எழுதி அண்ணனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அக்கறையோடு கூப்பிட்டவர் அதைப் பார்த்தால் புரிந்துகொள்வார். அப்படியும் வருந்தினால், அந்த வருத்தத்தைத் தவிர்க்க 12 லட்சம் கடன் வாங்குவது உங்கள் கடமை அல்ல. அதற்குள் மகள், சிங்கப்பூரில் எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே மதிப்பெண் அலகு (கிரெடிட்) ஏற்கப்படும் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடட்டும், இல்லையென்றால் திரும்பி வந்து அதே பாடங்களை மறுபடி எழுத நேரும். பரிமாற்றத்துக்கான பெயர்ப் பரிந்துரை பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதால் இதை இந்த வாரமே செய்யுங்கள்.