மதகில் தொங்கிய பாட்டில்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பிள்ளைகள் படம் வரைந்தும் நாடகம் போட்டும் ஊருக்கு ஏதாவது சொல்ல முடியுமா, சொன்னால் யாராவது காதில் வாங்குவார்களா என்று பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஓவிய ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கலைத் திருவிழா, சுற்றுச்சூழல் தினம் என்று எதற்கு வரையச் சொன்னாலும் அழுகிற பூமி, கையேந்தும் மரம், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு செடி. இதைத் தாண்டி வரமாட்டேன் என்கிறார்கள் பிள்ளைகள். என்ன செய்வது?
*அரசுப் பள்ளி ஆசிரியை, மன்னார்குடி பக்கம்*

பிள்ளைகள் மேல் தப்பில்லை, டீச்சர். 'சுற்றுச்சூழல்' என்று ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஏற்கெனவே என்ன படம் இருக்கிறதோ அதுதான் வரும். சொல்லைக் கொடுக்காதீர்கள், இடத்தைக் கொடுங்கள்.

எனக்கே இது பிடிபட நாளாயிற்று. குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கிற ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒரு மாடல் செய்தார்கள். தெர்மகோல் அட்டையில் ஊர், பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். நானும் கூட உட்கார்ந்து ஒட்டினேன். பார்க்க வந்த ஒரு தாத்தா, "முடிஞ்சதும் இதையெல்லாம் எங்கப்பா போடுவீங்க?" என்று கேட்டார். குத்திக்காட்டவெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த வருஷம் பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் பள்ளிக்குப் பின்னால் இருந்த மதகுக்குப் போனோம். ஜூன் 12 மேட்டூர் திறப்பதுதான் வழக்கம், அந்தத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் சில நாள் பிடிக்கும். அதற்கு முந்தின நாட்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது, வருஷம் முழுக்கத் தண்ணீர் மறைத்து வைத்திருந்ததெல்லாம் தெரியும். கரையில் நின்றபடியே பார்த்து எழுதச் சொன்னேன். ஷட்டருக்கு அடியில் காய்ந்த ஆகாயத்தாமரை, ஷாம்பு பாக்கெட், குவார்ட்டர் பாட்டில், குழந்தை டயப்பர் எல்லாம் இருந்தன, ஆனால் அதிகம் கிடந்தது பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்கள். ஏன் அங்கே வந்து விழுகிறது என்று ஒரு பையனே கண்டுபிடித்துச் சொன்னான்: ஸ்பிரேயர் டேங்குக்குத் தண்ணீர் மொள்ளுவது மதகடியில், மருந்தை ஊற்றிக் கலக்குவதும் அங்கேயேதான், அதனால் காலி டப்பா கையை விட்டுப் போவதும் அங்கேதான்.

டப்பாவை யாரையும் தொடவிடவில்லை. பார்த்ததைப் பழைய அட்டைப்பெட்டியில் அதே அளவுக்கு வரைந்து வெட்டினார்கள். வரையும்போதுதான் லேபிளில் இருக்கிற சாய்சதுரத்தைக் கவனித்தார்கள். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் நஞ்சு மிகக் கடுமையானது, அதற்கு அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. இது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரே வேகம், மற்றதையெல்லாம் கறுப்பு மையில் விட்டுவிட்டு அந்த முக்கோணத்துக்கு மட்டும் வண்ணம் அடித்தார்கள். மதகின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குக் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டோம்.

நாற்று பறிக்கப் போன பெண்கள் நின்றார்கள். "சேப்பா போட்டிருக்கே, அது என்ன தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டார். வருஷக்கணக்காக அந்த வயல்களில் இறங்கி வேலை செய்கிறவர், அவருக்கு அதை ஒருவரும் சொன்னதில்லை. பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து யாரோ மதகுத் தூணில் ஒரு பழைய சாக்கைக் கட்டியிருந்தார்கள், காலி டப்பா போட. எங்களுக்குக் கிடைத்த பரிசு அந்தச் சாக்குதான், டீச்சர், மாவட்ட அளவில் ஒன்றும் வரவில்லை.

அதனால் உங்கள் பிள்ளைகளிடம் முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதை யார் பார்க்க வேண்டும்? ரேஷன் கடை வரிசையா, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் படுத்திருப்பவர்களா, குளத்துப் படித்துறையா? அது முடிவானால் என்ன வரைவது என்பது பாதி முடிவான மாதிரி.

கேள்வி: குழந்தைத் திருமணத்துக்கு எதிராக எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் சுவரோவியம் வரைய நினைக்கிறோம். 'எங்கள் தெருவைத்தான் சொல்கிறீர்களா' என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். வரையலாமா, வேண்டாமா?
*கல்லூரி மாணவர், கும்பகோணம்*

வரையுங்கள் தம்பி. ஆனால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது, நல்ல விஷயம்தானே வரைகிறோம் என்பது அதற்குப் பதில் ஆகாது. ஊராட்சிச் சுவர் என்றால் ஊராட்சியிடம், தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம்.

சண்டைக்கு வருகிறவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தாலியோடு அழுகிற சிறுமியை வரைந்தால், தெருவில் யார் வீட்டிலாவது அந்தச் சாயலில் ஒரு பெண் இருப்பாள், மறுநாளிலிருந்து எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். பாதிக்கப்பட்டவளை ஒருக்காலும் சுவரில் ஏற்றாதீர்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்வதைப் போடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற அளவில் போடுங்கள், இரவு பகல் எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். படத்துக்கு, சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற பெண்ணை வரையலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022-லிருந்து. அதையும் ஒரு ஓரத்தில் எழுதுங்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிற அப்பாவுக்குத் திட்டு எதற்கு, கையில் பிடித்துக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை நுணுக்கம். நம் பக்கத்துச் செங்கல் சுவர் அடியில் உப்புப் பூத்து வண்ணத்தை உரித்துவிடும், தரையிலிருந்து இரண்டடி விட்டு மேலே ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கை வைக்கவே வைக்காதீர்கள். தை பிறக்கட்டும்.

கேள்வி: பத்தாவது படிக்கிற மகன் வீதி நாடகம், ஒத்திகை என்று திரிகிறான். இதனால் எதாவது பிரயோஜனம் உண்டா?
*ஒரு தகப்பனார், திருவாரூர்*

பக்கத்துப் புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள், ஐயா. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் போட்டுத்தான் ஜனங்களைக் கூட்டின. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டு யார் தயவும் இல்லாமல் ஊருக்குள் போய்வந்தார்கள். தெருவில் நின்று போட்ட நாடகத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் உங்கள் கவலையும் சரிதான். மார்கழிக்கு மேல் ஒத்திகை வேண்டாம் என்று சொல்லுங்கள், அதுவரை விடுங்கள். ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள், அப்பா கூட்டத்தில் நிற்கிறார் என்பது அவனுக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: நம் பகுதிக் கைவினையை வைத்தே நீர்நிலை பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு செயல்திட்டம் கொடுக்க முடியுமா?
*ஆசிரியர், தஞ்சாவூர்*

நெட்டி இருக்கிறதே! பெரிய கோயிலை வெள்ளைவெளேரென்று தந்தத்தில் செதுக்கிய மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, அந்த நெட்டி. குளத்திலும் ஏரியிலும் தானாக முளைக்கிற செடியின் தண்டுதான் அது, தோலைச் சீவினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் சாயம் தோய்த்த நெட்டி மாலையும் இதில்தான். குளம் தூர்ந்தால் நெட்டி இல்லை, நெட்டி இல்லையென்றால் கடையில் பிளாஸ்டிக் மாலை. பிள்ளைகள் ஒரு மாலை கட்டிப் பார்க்கட்டும், அந்தத் தண்டு எந்தக் குளத்திலிருந்து வந்தது என்று கைவினைஞரிடம் விசாரித்து அந்தக் குளத்தை வரைபடமாகப் போட்டு, மாலைக்குப் பக்கத்திலேயே வைக்கட்டும். தனியாக வாசகம் எதுவும் எழுத வேண்டியிருக்காது. ஒன்று மட்டும்: கைவினைஞரைச் சும்மா கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்கு அவருக்கு வேலை கெடுகிறது, கூலி கொடுங்கள்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் வீடும் தென்னைகளும் போய்விட்டன. அப்போது நான் சின்னப் பிள்ளை. இப்போது பேரிடர் விழிப்புணர்வுப் போட்டிக்கு அதை வரை, உனக்குத்தான் பரிசு கிடைக்கும் என்கிறார் சார். எனக்கு வரையப் பிடிக்கவில்லை. நான் செய்வது தப்பா?
*பிளஸ் ஒன் மாணவி, வேதாரண்யம் பக்கம்*

தப்பே இல்லம்மா. 2018 நவம்பர் 16 விடியற்காலை உன் வீட்டில் நடந்தது உனக்குச் சொந்தமானது. யாருக்கு எப்போது காட்டுவது, காட்டாமலே வைத்துக்கொள்வதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். பரிசுக்காக அதை எடுத்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உனக்குக் கிடையாது. உன் சார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஒரு பிள்ளைக்கு இது எப்படி வலிக்கும் என்று அந்த நேரம் அவருக்குத் தோன்றியிருக்காது.

போட்டியில் கலந்துகொள்ள ஆசை இருந்தால் வேறு ஒன்று செய்யலாம். புயல் எச்சரிக்கை வந்தால் உங்கள் தெருவிலிருந்து பாதுகாப்பு மையத்துக்கு எந்த வழியாகப் போவது, எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், நடக்க முடியாத பாட்டி யார் வீட்டில் இருக்கிறார், அவரை யார் தூக்கிப் போவது என்று ஒரு வரைபடம் போடு. அதில் உன் வீட்டை மற்ற வீடுகளைப் போல ஒரு சின்னக் கட்டமாகப் போட்டால் போதும். அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, ஒரு பூவை வரை.

சாரிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் மேஜையில் வைத்துவிடு.